ஏலமலை அடிவாரத்தில் ஓர் அல்ட்ராவைடு திரை: கேமிங் கணினி பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

திரையைப் பார்த்துப் பணத்தை முடிவு செய்வது போடிநாயக்கனூருக்குப் புதிதல்ல. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கும், மலைக்கு மேலே வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் நடக்கிறது. வியாபாரிகள் ஏலக்காய் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்தபடியே எதிரில் இருக்கும் கணினியில் விலை கேட்கிறார்கள். அதே ஊரில் ஓர் இளைஞர் 34 அங்குல அல்ட்ராவைடு மானிட்டரோடு ஒரு கேமிங் கணினியைப் பாகம் பாகமாகச் சேர்க்க நினைத்தால், லட்சத்துக்கு மேல் கைமாறும். கடைக்காரர், நண்பர், பக்கத்து வீட்டு அண்ணன் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதி காசைத் தின்றுவிடும்.

அந்த யோசனைகளில் பெரும்பாலும் தவறிப்போவது வரிசை. பிராசஸரில் தொடங்கி மானிட்டரில் முடிக்கிறார்கள். தொடங்க வேண்டிய இடம் மானிட்டர். அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. மூன்றாவதாக, வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக். பிராசஸரின் முறை அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: “34 இன்ச்னா 34 இன்ச்தான். மலிவா கிடைக்கிறதை வாங்கு.”

ஏலக்காயை மூட்டை எடையை மட்டும் வைத்து யாரும் வாங்குவதில்லை. 8 மில்லிமீட்டர் சல்லடையில் எவ்வளவு நிற்கிறது, பச்சை மங்காமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். மானிட்டரில் அங்குலம் எடை என்றால், பிக்சல் கணக்குதான் சல்லடை. 34 அங்குலத்தில் இரண்டு வகை விற்பனையில் இருக்கின்றன. ஒன்று 2560×1080, மற்றொன்று 3440×1440. முதல் வகையில் ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல், இரண்டாவதில் 110. முதலாவதில் எழுத்துகளின் ஓரம் பிசிறடிப்பது கண்ணுக்கே தெரியும். 2560×1080 தான் கட்டுப்படியாகும் என்றால் 29 அங்குலத்தில் வாங்கலாம். அதில் அங்குலத்துக்கு 96 பிக்சல் கிடைக்கும்.

இன்னொன்று: 34 அங்குல அல்ட்ராவைடின் உயரம் சுமார் 33 சென்டிமீட்டர். சாதாரண 27 அங்குல மானிட்டரின் உயரமும் அவ்வளவுதான். அகலம் மட்டும் 60-லிருந்து 80 சென்டிமீட்டராகக் கூடுகிறது. உயரமான படத்தை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாந்துபோவார். மேசை 80 சென்டிமீட்டரைத் தாங்குமா என்பதையும் வாங்கும் முன்பே அளந்துவிட வேண்டும்.

விலை விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று மாறியிருக்கிறது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு முன்பு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. மூலைக்கு மூலை அளப்பதால், 27 அங்குல மானிட்டரின் உயரமே உள்ள அல்ட்ராவைடும் அந்த வரிக்குள் மாட்டியது. 2025 செப்டம்பர் 22 முதல் இது 18 சதவீதம். அதற்கு முன் எழுதி வைத்த விலைப்பட்டியலை இன்று யாராவது நீட்டினால், மறுபடி விசாரித்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: “ஐ9 போட்டா கேம் பறக்கும்.”

அதிகப் பணத்தை வீணாக்கும் யோசனை இதுதான். கேபினெட் பெட்டியையே ‘சிபியு’ என்று சொல்லிப் பழகிய ஊரில், உள்ளே இருக்கும் அந்தச் சிறு சில்லுதான் எல்லாம் செய்கிறது என்று தோன்றுவது இயல்பு. வேலை எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால் சங்கதி விளங்கும். எதிரி எங்கே நிற்கிறான், கார் எந்த வேகத்தில் திரும்புகிறது என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணக்கிடுவது பிராசஸர். அந்தக் காட்சியைப் பிக்சல் பிக்சலாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. திரை பெரிதானால் முதல் வேலை கொஞ்சம்தான் கூடும். பக்கவாட்டில் தெரியும் கூடுதல் பொருள்களுக்கான கணக்கு மட்டும் சேரும். இரண்டாவது வேலை இரண்டு மடங்கையும் தாண்டுகிறது. 1920×1080 திரையில் 20.7 லட்சம் பிக்சல்கள். 2560×1440-இல் 36.9 லட்சம். 3440×1440-இல் 49.5 லட்சம். கார்டு வரைந்து முடிக்கும்வரை விலை உயர்ந்த பிராசஸர் சும்மா காத்திருக்கும்.

ஆகவே ரைசன் 5 7600 போன்ற ஆறு கோர் பிராசஸரே இந்தத் திரைக்குப் பெரும்பாலான கேம்களில் போதும். மிச்சமாகும் பணம் கார்டுக்குப் போகட்டும். அங்கே பெயரோடு நினைவகத்தையும் பார்க்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, 16 ஜிபி கார்டும் இருக்கிறது. புதிய கேம்களை உயர்ந்த டெக்ஸ்சரில் இந்த அகலத்தில் ஓட்டும்போது 8 ஜிபி நிரம்பி, ஓட்டம் திக்கித் திணறும். 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 5070, 16 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 9070 ஆகியவை பொருத்தமான அளவு.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர்களும் உண்டு. அல்ட்ராவைடு என்றால் 4கே கார்டு இல்லாமல் முடியாது என்பார்கள். 4கே திரையில் 83 லட்சம் பிக்சல்கள். 3440×1440 அதில் அறுபது சதவீதம்தான். ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் உள்ள டிஎல்எஸ்எஸ் வசதியை ‘குவாலிட்டி’ நிலையில் வைத்தால் கார்டு உண்மையில் வரைவது சுமார் 22 லட்சம் பிக்சல்தான், கிட்டத்தட்ட 1080பி அளவு. மீதியை அது ஊகித்து நிரப்புகிறது. நடுத்தரக் கார்டு வைத்திருப்பவருக்கு இது பெரிய உதவி.

நம்பிக்கை: “அகலத் திரைல எல்லா கேமும் அகலமாத் தெரியும்.”

தெரியாது. எல்டன் ரிங் வெளிவந்த வடிவில் 16:9 என்ற அகல-உயர விகிதத்தைத் தாண்டாது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். வாலரன்ட் கூடுதல் காட்சிப் பரப்பைத் தருவதில்லை. பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸும் 21:9 படத்தை அனுப்புவதே இல்லை. ஃபோர்ஸா ஹொரைஸன் 5 போன்ற கார் கேம் ஆடுபவருக்கு அகலம் பெரும் சுகம். வாலரன்ட் மட்டும்தான் ஆடுவேன் என்பவருக்கு 24 அல்லது 27 அங்குலத்தில் வேகமான சாதாரணத் திரையே சரியான தேர்வு. கடைக்காரரே இதைச் சொல்லிவிட்டால் நல்லது.

கேபிளைப் பற்றிச் சுருக்கமாக: எச்டிஎம்ஐ 2.0 வழியாக 3440×1440 படம் 100 ஹெர்ட்ஸ் சுற்றிலேயே நின்றுவிடும். 144, 165 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் டிஸ்பிளேபோர்ட் கேபிளைப் போட வேண்டும். அதையும் மதர்போர்டின் துளையில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டின் துளையில் செருகி, விண்டோஸ் அமைப்பில் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: “750 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டா கரண்ட் பில் எகிறிடும்.”

கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்ச அளவு. பாகங்கள் 350 வாட் கேட்டால், 90 சதவீதத் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 390 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். மறுபக்கம், ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரை இருந்தால் எல்லாப் பாதுகாப்பும் உண்டு என்று நம்புவதும் தவறு. அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுளையும் ஷார்ட் ஆனால் கிடைக்கும் காப்பையும் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

நம்பிக்கை: “வீட்ல 600 விஏ யுபிஎஸ் இருக்கே, அது போதும்.”

வீட்டு உபயோகத்துக்கு விற்கும் 600 விஏ யுபிஎஸ் வழக்கமாகத் தரக்கூடியது 360 வாட். ஆர்டிஎக்ஸ் 5070 மட்டும் 250 வாட் வரை எடுக்கும். பிராசஸர், போர்டு, ஃபேன், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் கணக்கு 400-ஐத் தொடும். சாதாரண நேரத்தில் எல்லாம் நன்றாகவே ஓடும். கேம் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் ஓலமிட்டு அணைந்துவிடும். காப்பாற்றத்தான் வாங்கினார்கள், அந்த நொடியில்தான் அது கைவிடும். 1100 விஏ, 660 வாட் வகை இதற்குச் சரியாக வரும்.

எர்த் விஷயத்தில்தான் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று பலர் சொல்வார்கள். “கம்ப்யூட்டர்னா அப்படித்தான்” என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் சிறு கசிவு மின்சாரத்தை எர்த் கம்பியில் இறக்குகின்றன. எர்த் இல்லாவிட்டால் இரும்புப் பெட்டியே 230 வோல்ட்டில் பாதியளவு மின்னழுத்தத்தில் மிதக்கும். இந்தக் கசிவின் மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் பழுது ஏற்படும் நாளில் உயிரைக் காக்க வேண்டிய எர்த் அங்கே இல்லை என்பதை அந்தச் சுருக்கு முன்கூட்டியே சொல்கிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் அடாப்டர் செய்வதும் இதே கேடுதான்.

மலைச்சரிவில் இடியும் சேர்ந்துகொள்கிறது. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் சாந்தன்பாறை, பூப்பாறைப் பக்கம் இடி கடுமை. ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்று அந்த நேரத்தில் ஆடிக்கொண்டிருப்பது வீண் துணிச்சல். பக்கத்தில் விழும் இடியின் வேகத்தை அந்தச் சிறு பட்டை தாங்காது. இணையக் கேபிள் வழியாகவும் அது போர்டுக்குள் நுழையும். வானம் இருட்டியதும் பிளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்கி வைப்பதே காப்பு.

நம்பிக்கை: “மலையில குளிர்தானே, ஃபேன் எதுக்கு?”

அறை பத்து டிகிரி குளிர்ந்தால் சில்லும் ஏறத்தாழ பத்து டிகிரி குளிரும்; அது உண்மைதான். ஆனால் சூட்டை வெளியே தள்ளக் காற்று ஓட வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 14 சதவீதம் குறைவு, அதனால் அதே ஃபேன் அங்கே குறைவான சூட்டைத்தான் எடுத்துச் செல்லும். மலையில் கணினியின் உண்மையான எதிரி ஈரம். தூசியும் ஈரமும் சேர்ந்து படிந்தால் உலோகத் தொடுமுனைகள் களிம்பேறும். மாதக்கணக்கில் அணைத்து மூடி வைப்பதைவிட அவ்வப்போது ஓட விடுவது நல்லது.

போடியில் அசெம்பிள் செய்து ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்டு ஒற்றைத் துளையில் தொங்கியபடி அந்தக் குலுக்கலைத் தாண்டினால், துளையோ கார்டோ விரிசல் விடலாம். கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக எடுத்துச் செல்லுங்கள். மானிட்டரின் அட்டைப்பெட்டியையும் வாரன்டி முடியும்வரை எறியாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, பாகங்களுக்கு முன்பணம் கட்டும் முன் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, கணினி வைக்கப்போகும் அறையின் எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.