எருவிற் கலந்த நெகிழி

மட்கிய எரு மண்ணுக்கு உணவு. அதனோடு மட்காத பொருளொன்றும் இன்று வயலை அடைகின்றது, அதுவே நெகிழித்துகள். குப்பையிற் சேர்ந்த பைகளும் உறைகளும் சிதைந்து, 5 மில்லிமீட்டரினும் சிறியனவாகிச் சல்லடைக்குத் தப்பிவிடுகின்றன.

2018-இல் ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழக அறிஞர் எருவகைகளை ஆராய்ந்தனர். வீட்டுக்கழிவு கலந்த எருவில் துகள்கள் இருந்தன. பயிரை மட்டும் புளிக்கவைத்துப் பெற்ற எருவிலோ ஏறக்குறைய இல்லை. குற்றம் எருவினுடையதன்று!

இதனால் மண்ணுயிர்க்கு நேர்வது யாது? 2016-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார், மண்புழுக்களுக்கு இலைச்சருகில் நெகிழித்துகளைக் கலந்து 60 நாள் ஊட்டினர். துகள் மிகுந்தபோது வளர்ச்சி குன்றியது, சில மாண்டன. பெரும்பாலான வயல்களில் அத்துணை மிகுதி இல்லை என்பது மெய்யே. ஆயினும் துகள் எளிதில் மட்குவதில்லை. ஆண்டுதோறும் இடும் எருவோடு பெருகும். புழுக்கள் அதனை விழுங்கித் தம் வளைக்குள் கொண்டுசெல்வதையும் பின்னர்க் கண்டனர். மண்ணைக் கிளறி வளமாக்கும் உயிரே நெகிழியையும் ஆழத்தில் சேர்க்கின்றது.