பேஸ் கிட்டாரில் எழும் இரைச்சல்: மூலத்தைக் கண்டறியும் முறை

தமிழ்ப் பேரவைகளின் கலை இரவுகளில் பேஸ் கிட்டாருக்கு இன்று தனி இடம் உண்டு. இளையராஜாவின் பாடல்களை மேடையில் இசைக்க விரும்பும் எந்தக் குழுவும் இக்கருவி இல்லாமல் இயங்க முடியாது. ஆனால், ஒத்திகையில் ஆம்பிளிஃபையரை முடுக்கியவுடன் பாட்டுக்கு முன்பே ‘ம்ம்ம்’ என்றோர் ஓசை எழுவதைப் பலரும் கேட்டிருப்பர். உடனே புதிய கேபிள் வாங்குவதும், புதிய பிக்கப் மாற்றுவதும் மாணவர்களின் பணத்தை விழுங்குமே தவிர, பல வேளைகளில் ஓசையை நிறுத்துவதில்லை. காரணம், நோயைக் கண்டறியும் முன்பே மருந்து கொடுக்கப்படுகிறது. இரைச்சலின் மூலத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேஸ் கிட்டாருக்கு மட்டும் ஏன் இத்தொல்லை அதிகம்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அளவில் வழங்கப்படுகிறது. எனவே, மின்கம்பிகளைச் சுற்றியுள்ள புலங்களும் நொடிக்கு 50 முறை அதிர்கின்றன. பேஸ் கிட்டாரின் தடித்த ‘ஈ’ தந்தியை மூன்றாம் கட்டையில் அழுத்தினால் எழும் ‘ஜி’ சுரத்தின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். ஆம்பிளிஃபையரின் மின்வழங்கியில் பழுது ஏற்படும்போது எழும் ஓசை பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ். அழுத்தாமல் மீட்டும் ‘ஜி’ தந்தியோ 98 ஹெர்ட்ஸ். ஆக, இரைச்சலும் இசையும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. டோன் குமிழைத் திருகி இரைச்சலை மட்டும் வெட்டியெறிய இயலாது. மூலத்தை அடைப்பதே ஒரே வழி.

இருவகை இரைச்சல்

முதல்வகை, மின்புலத்தால் வருவது. மங்கலாக்கும் சுவிட்ச் பொருத்திய விளக்குகள், குழல் விளக்குகள், கணினிகள் முதலியவற்றிலிருந்து கிளம்பி, கருவியின் உட்கம்பிகளில் ஏறும். இது ‘ஸ்ஸ்ர்ர்’ எனக் கரகரப்பாக ஒலிக்கும். இரண்டாம் வகை, காந்தப்புலத்தால் வருவது. மின்மாற்றிகள் உண்டாக்கும் காந்தப்புலம் பிக்கப்பின் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இது ‘ம்ம்ம்’ எனத் தாழ்ந்து ஒலிக்கும். இவ்விரண்டிற்கும் மருந்து வேறு வேறு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நான்கு படிச் சோதனை

முதற்படி: கேபிளை ஆம்பிளிஃபையரிலிருந்து முற்றாகக் கழற்றுங்கள். ஓசை அப்படியே நீடித்தால் குற்றம் கிட்டாரில் இல்லை. ஆம்பிளிஃபையரிலோ மின்னிணைப்பிலோ உள்ளது. கேபிளின் கிட்டார் முனையை மட்டும் கழற்றித் தொங்கவிட்டுச் சோதிக்கக் கூடாது. தொங்கும் கேபிள் எப்போதும் இரையும்.

இரண்டாம் படி: கிட்டாரை இணைத்து, அதன் வால்யூம் குமிழ்கள் அனைத்தையும் சுழியத்தில் வையுங்கள். பேட்டரி இல்லாத கருவிகளில் இந்நிலையில் பிக்கப்பின் ஓசை வெளியேறாது. அப்போதும் இரைந்தால் கேபிளையும் ஜாக்கையும் ஐயுறலாம். கேபிளை மெல்ல அசைத்தால் ‘படபட’ எனக் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

மூன்றாம் படி: வால்யூமைக் கூட்டி, கைகளை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பின்னர் தந்திகளைத் தொடுங்கள். தொட்டவுடன் ஓசை குறைந்தால் தந்திகளின் எர்த் இணைப்பு சரியாக உள்ளது. உள்ளே மின்புலத் தடுப்புப் போதவில்லை என்று பொருள். தொட்டும் மாற்றமில்லை என்றால் பிரிட்ஜுக்குச் செல்லும் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். தொட்டவுடன் ஓசை கூடினால், ஜாக்கில் இரு கம்பிகளும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

நான்காம் படி: கிட்டாரை அணிந்தவாறே நின்ற இடத்தில் மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் ஓசை ஓங்கி, மறுதிசையில் தாழ்ந்தால் அது காந்தப்புல இரைச்சலாகும்.

பரிகாரம்

கருவியைத் திறக்கும் முன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும், மறுமுனையை ஜாக்கின் எர்த் பகுதியிலும் வைத்தால் மின்தடை ஏறத்தாழச் சுழியமாக இருக்க வேண்டும். இல்லையெனில் பிரிட்ஜின் திருகுகளைத் தளர்த்தி, அடியிலுள்ள கம்பியைச் சுத்தம் செய்து மீண்டும் அழுத்திப் பொருத்தலாம். வியர்வையும் ஈரக்காற்றும் மிகுந்த நமது நாடுகளில் இவ்விடம் துருப்பிடிப்பது இயல்பே.

மின்புலத் தடுப்புப் போதாதபோது, பிக்கப் குழிகளிலும் குமிழ்களின் குழியிலும் செப்புத் தகட்டு நாடாவை ஒட்டி, துண்டுகள் அனைத்தையும் ஒன்றோடொன்று இணைத்து எர்த்துடன் சேர்க்க வேண்டும். எர்த்துடன் சேராத தகட்டால் பெரிய பயன் இல்லை.

காந்தப்புல இரைச்சலை இத்தகடு தடுக்காது. அதற்குத் தீர்வு எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களே. லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருள்தான் இருந்தது. 1957இல் அதை இரண்டாகப் பிரித்து எதிரெதிராக அமைத்தனர். ஒரு சுருளின் இரைச்சலை மற்றொன்று அழிக்கிறது. தந்தியின் இசையோ கூடுகிறது. ஜாஸ் பேஸ் வகையில் பெரும்பாலும் இரண்டு பிக்கப்புகளும் இதே முறையில் இணையாகின்றன. எனவே, இரு குமிழ்களையும் முழுமையாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் மீண்டும் எழும். இது பழுதன்று, அதன் அமைப்பு. ஆம்பிளிஃபையரிலிருந்து சில அடி தள்ளி நிற்பதும் பயன் தரும்.

மண்டபத்தின் ஒலியமைப்போடு இணைக்கும்போது மட்டும் இரைந்தால், இரு வேறு எர்த் பாதைகள் வளையமாகிவிட்டன எனலாம். இரண்டு கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். அல்லது எர்த்தைப் பிரிக்கும் சுவிட்ச் கொண்ட டிஐ பெட்டியைப் பயன்படுத்துங்கள். அச்சுவிட்ச் ஒலிக்கேபிளின் எர்த்தைத்தான் பிரிக்கிறது. மின்னிணைப்பின் எர்த்தை அன்று.

செய்யவே கூடாத ஒன்று

இரைச்சலைப் போக்க மின்செருகியின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. மூன்று துளைச் சுவர்ப்பொருத்தியின் மேல்துளையில் பேனாவைக் குத்தி, இரண்டு முனைச் செருகியை நுழைப்போரும் உளர். ஓசை அடங்கலாம், ஆனால், ஆம்பிளிஃபையரில் கசிவு ஏற்பட்டால் கிட்டாரின் தந்திகளிலேயே மின்சாரம் பாயும். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில், ‘ஸ்டோன் தி குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, முறையாக எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். இரைச்சலோடு ஒரு பாட்டை வாசித்து முடிக்கலாம். எர்த் இன்றி ஒரு நிமிடமும் வாசிக்கக் கூடாது.

முடிவாக, நான்கு படிச் சோதனைக்குப் பத்து நிமிடங்கள் போதும், செலவும் இல்லை. அடுத்த கலை இரவுக்குப் புதிய பொருள் வாங்கப் பணம் திரட்டும் முன், நம் இசைக்குழுவினர் இச்சோதனையை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை ஓசையே சொல்லும். நாம் முறையாகக் கேட்டால் போதும்.