மகளின் மைல்ஸில் அம்மாவுக்கு ரிக்கற்

எயார் கனடா விமானம் கட்டுநாயக்கவில் இறங்குவதில்லை. ஆனாலும் ஸ்காபரோவில் இருக்கும் மகள் எயார் கனடாவின் எயரோபிளான் கணக்கில் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு, களுவாஞ்சிகுடியில் இருக்கும் அம்மாவைக் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு எடுப்பிக்கலாம். புள்ளி ஒரு நிறுவனத்துடையது, விமானம் இன்னொரு நிறுவனத்துடையது. இடையில் இருப்பது அவர்களுக்குள்ளான ஒப்பந்தம். மட்டக்களப்பில் பாதி வீடுகளுக்கு லண்டனிலோ சூரிச்சிலோ கட்டாரிலோ யாராவது இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய கணக்கில் மைல்ஸ் சும்மா கிடந்து காலாவதியாகிறது. அதை ரிக்கற்றாக மாற்றும் வழியைச் சொல்கிறேன்.

முதலில், எந்தக் கணக்குக்கு எந்த விமானம் என்று பாருங்கள். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே 1ஆம் திகதி வன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது. பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், கட்டார் எயார்வேய்ஸ், குவாண்டாஸ், மலேசியா எயார்லைன்ஸ் எல்லாம் அதே கூட்டணிதான். ஆகவே லண்டன் மகனின் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் புள்ளியான ஏவியோஸில் ஹீத்ரோவிலிருந்து நேரே வரும் ஸ்ரீலங்கனிலும் ஏறலாம், டோஹா வழியாகக் கட்டாரிலும் வரலாம். மெல்பேர்ன்காரருக்குக் குவாண்டாஸ் புள்ளியில் ஸ்ரீலங்கனின் நேரடி விமானம் இருக்கிறது. கனடாக்காரரின் எயரோபிளான் ஸ்டார் அலையன்ஸைச் சேர்ந்தது. அதில் கொழும்புக்கு வர சிங்கப்பூர், துருக்கி, எயார் இந்தியா ஆகியவை உண்டு. கூட்டணிக்கு வெளியே எதிஹாட்டோடு தனி ஒப்பந்தமும் இருப்பதால் அபுதாபி வழி திறந்திருக்கிறது. சுவிஸ், ஜேர்மனி ஆட்களின் மைல்ஸ் அன்ட் மோர் கணக்குக்கு, பருவத்தில் சூரிச்சிலிருந்து நேரே வரும் எடெல்வைஸ் இருக்கிறது.

காலாவதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எயரோபிளானும் குவாண்டாஸும் 18 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் புள்ளியை அழித்துவிடும். ஏவியோஸுக்கு அது 36 மாதம். சிங்கப்பூரின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ், அசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சேர்ந்து மூன்று வருடத்தில் போய்விடும்.

இனி ஆசனம் தேடுவது. வேலையில் முக்கால்வாசி இதுதான். காசுக்கு ஆசனம் இருக்கிறது என்பதற்காகப் புள்ளிக்கும் இருக்கும் என்றில்லை. விமானத்தை ஓட்டும் நிறுவனம் கூட்டாளிகளுக்கென்று சில ஆசனங்களை மட்டுமே திறந்துவிடும். பெரும்பாலும் தன் சொந்த அங்கத்தவருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே கொடுக்கும். அதனால் நாலு பேருக்கு என்று தேடாதீர்கள். நாலு ஆசனம் சேர்ந்து இல்லாவிட்டால் தளம் ஒன்றுமே இல்லை என்று காட்டும். ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இருவருக்கு. போகும் வழியையும் வரும் வழியையும் தனித்தனியாகப் பாருங்கள். மாறி ஏறும் பயணமென்றால் துண்டு துண்டாகவும் பாருங்கள். அபுதாபி–கொழும்பு ஆசனம் தாராளமாகக் கிடக்கும், ரொறன்ரோ–அபுதாபிதான் மறிக்கும். எனவே நீண்ட துண்டு கிடைக்கும் நாளை முதலில் பிடித்துவிட்டு, குறுகிய துண்டை அதற்கு ஏற்றபடி பொருத்துங்கள்.

திரையில் தெரிந்தும் காசு கட்டும் பக்கத்தில் காணாமல் போகும் ஆசனங்களும் உண்டு. பழைய தரவு அழியாமல் தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒரே ஸ்ரீலங்கன் விமானத்தைப் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் தளத்திலும் கட்டார் தளத்திலும் பாருங்கள். இரண்டிலும் காட்டினால் நம்பலாம்.

திகதி விஷயத்தில் நம் ஊர்க் கணக்கு வேறு. எல்லோரும் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆட வரப் பார்க்கிறார்கள். அது விழுவது யூலை, ஓகஸ்டில். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான் என்பதால் புள்ளி ஆசனம் கிடைப்பது அரிது. அந்தத் திகதிதான் வேண்டுமென்றால் ஏறக்குறைய 11 மாதம் முன்பே, முன்பதிவு திறக்கும் வாரத்திலேயே தேட வேண்டும். நவம்பரில் ஆசனம் இலகுவாகக் கிடைக்கும், ஆனால் வடகீழ்ப் பருவமழையில் படுவான்கரைப் பாதைகள் வெள்ளத்தில் மூழ்கும் காலம் அது. என்னைக் கேட்டால் வைகாசிதான் சரி. கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும் மே, யூன் மாதங்களில் வரும். மே இறுதியில் பிரிட்டிஷ் பள்ளிகளுக்கு வரும் ஒரு வார விடுமுறையைத் தவிர்த்துவிட்டால், கோடை நெரிசலுக்கு முந்திய இடைவெளி அது.

ஆசனம் கண்டதும் காசைப் பாருங்கள். புள்ளி ரிக்கற் இலவசமல்ல. விமான நிலைய வரி, அரசாங்க வரி, சில இடங்களில் விமான நிறுவனமே போடும் மேலதிகக் கட்டணம் என்று சேரும். எயரோபிளான் 2020இல் தன் திட்டத்தை மாற்றியமைத்தபோது இந்த மேலதிகக் கட்டணத்தை நீக்கிவிட்டது. கூட்டாளி விமானத்துக்கு 39 கனடிய டொலர் பதிவுக் கட்டணம் மட்டும் எடுக்கிறது. மைல்ஸ் அன்ட் மோரில் மேலதிகக் கட்டணமே சிலவேளை மலிவு ரிக்கற் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். லண்டனிலிருந்து புறப்பட்டால் பிரிட்டிஷ் புறப்பாட்டு வரி சேரும். சாதாரண வகுப்பில் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அது கிடையாது. பிஸ்னஸ் வகுப்பு என்றால், தனி ஆசனமில்லாத 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தவிர எல்லோருக்கும் உண்டு, தொகையும் கூட.

கணக்கு இப்படித்தான்: காசு ரிக்கற்றின் விலையிலிருந்து புள்ளி ரிக்கற்றுக்குக் கட்டும் காசைக் கழியுங்கள், மிச்சத்தைப் புள்ளி எண்ணிக்கையால் வகுங்கள். உதாரணத்துக்கு, காசு விலை 700 பவுண், கட்ட வேண்டியது 250 பவுண், புள்ளி 40,000 என்று வையுங்கள். 450 பவுணை 40,000ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 1.1 பென்ஸ் பெறுகிறது. ஒரு பென்ஸுக்குக் கீழே போனால் நான் காசுக்கே எடுப்பேன், புள்ளியை ஓகஸ்டுக்கு வைத்திருப்பேன்.

புள்ளியை இடம் மாற்றுவது எல்லாம் பார்த்த பிறகுதான். வங்கி அட்டையிலிருந்து விமானக் கணக்குக்குப் போன புள்ளி திரும்பி வராது. சில மாற்றங்கள் உடனே நடக்கும், சில நாட்கணக்கில் இழுக்கும். அதற்குள் ஆசனம் போய்விட்டால் வேண்டாத கணக்கில் புள்ளி முடங்கும். ஏவியோஸ் கணக்குகளுக்கு இடையிலான மாற்றம் இதில் விதிவிலக்கு. 2022இல் கட்டாரும் ஏவியோஸுக்கு மாறிய பிறகு பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் கணக்கையும் கட்டார் கணக்கையும் இணைத்து, ஒன்றுக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் நகர்த்தலாம். இரண்டிலும் பெயரும் விபரங்களும் ஒத்திருக்க வேண்டும்.

பெயரில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவது. அம்மாவின் கடவுச்சீட்டில் கணவரின் பெயரோ தகப்பனின் பெயரோ குடும்பப் பெயராக இருக்கும், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும், மகள் முதலெழுத்தை மட்டும் அடித்துவிடுவாள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தை வட்ஸ்அப்பில் வாங்கி, அதன் அடியில் உள்ள இரண்டு வரிக் குறியீட்டில் இருக்கும் எழுத்துக்களைப் பார்த்து அப்படியே அடியுங்கள். கூட்டாளி விமானத்தில் பெயரைத் திருத்துவது இலேசல்ல. ரிக்கற்றை ரத்துச் செய்து திரும்ப எழுதச் சொன்னால், இடையில் அந்த ஆசனம் கையை விட்டுப் போகலாம்.

இன்னொன்று, வழி. பிள்ளைகளிடம் கனடியக் கடவுச்சீட்டு இருப்பதால் அவர்கள் யோசிப்பதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டில் போகும் அம்மாவுக்கு லண்டனில் விமானம் மாறக்கூட இடைவழி விசா வேண்டிவரலாம். பிராங்பேர்ட், சூரிச் போன்ற ஷெங்கன் நிலையங்களிலும் அப்படியே. கையில் கனடா விசா இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் நிபந்தனைகளை வாசித்துவிட்டே ஆசனம் போடுங்கள். டோஹா, அபுதாபி, இஸ்தான்புல் வழியாக ஒரே ரிக்கற்றில், நிலையத்தை விட்டு வெளியே போகாமல் மாறினால் இந்தத் தலையிடி இல்லை. விசா இன்னும் வராத நிலையில் புள்ளி ரிக்கற் உண்மையில் நல்லது: பல திட்டங்களில் ஒரு கட்டணம் கழித்துப் புள்ளியைத் திருப்பிப் போடுவார்கள். மலிவான காசு ரிக்கற் என்றால் பெரும்பாலும் போனது போனதுதான்.

கனடாவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு உபாயம். எயரோபிளானில் 5,000 புள்ளி கூடக் கொடுத்தால் வழியில் 45 நாள் வரை ஓரிடத்தில் தங்கலாம். எயார் இந்தியாவில் சென்னை வந்து, கலியாணச் சாரிகளை எடுத்துக்கொண்டு, அதே ரிக்கற்றில் கொழும்புக்கு வரலாம். இந்திய விசாவை மறக்க வேண்டாம்.

பதிவு செய்தபின் வரும் மின்னஞ்சலில் 13 இலக்க ரிக்கற் எண் இருக்கிறதா பாருங்கள். முதல் மூன்று இலக்கம் ரிக்கற் எழுதிய நிறுவனத்தைச் சொல்லும்: எயார் கனடா 014, பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் 125, கட்டார் 157, ஸ்ரீலங்கன் 603. அந்த எண் வராவிட்டால் ஆசனம் பிடித்திருக்கிறது, ரிக்கற் எழுதப்படவில்லை. உடனே கூப்பிடுங்கள். அடுத்து, விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் ஆறெழுத்துப் பதிவுக் குறியைக் கேட்டு வாங்குங்கள். அது பெரும்பாலும் வேறாக இருக்கும். அம்மாவுக்கு வீல்செயார், சைவச் சாப்பாடு, ஆசன இலக்கம் எல்லாவற்றையும் அந்தக் குறியைக் கொண்டு ஓட்டுபவரிடமே கேட்க வேண்டும். புறப்படுவதற்கு முன் நேர மாற்றம் வந்தால் பேச வேண்டியது ரிக்கற் எழுதியவரிடம். நிலையத்துக்குப் போனபின் என்றால் ஓட்டுபவரிடம்.

கட்டார், குவைத், சவூதியில் வேலைசெய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஏஜென்சி எடுத்துக் கொடுத்த ரிக்கற்றுக்கும் அநேகமாக மைல்ஸ் உண்டு, மிக மலிவான வகுப்பில் கொஞ்சமாகத்தான் விழும். போகுமுன் கணக்கைத் திறந்து இலக்கத்தைப் போட்டுவிடுங்கள். விட்டுப்போனால் போர்டிங் அட்டையையும் ரிக்கற் எண்ணையும் வைத்துச் சில மாதங்களுக்குள் கேட்டு வாங்கலாம். ஒரு பறப்புக்கு ஒரு கணக்கில்தான் புள்ளி விழும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். ‘பாதி விலைக்கு ரிக்கற்’ என்று வட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்கள் சில, யாரோ ஒருவரின் மைல்ஸை விற்பவை. திட்டங்கள் அதைத் தடைசெய்திருக்கின்றன, கண்டுபிடித்தால் ரிக்கற்றை ரத்துச் செய்வார்கள்.

மைல்ஸ் கட்டுநாயக்கவோடு முடிகிறது. வாவியோரத்தில் இருக்கும் நம் மட்டக்களப்பு விமான நிலையத்தை 2018இல் சர்வதேச நிலையம் என்று அறிவித்தார்கள், உங்கள் புள்ளியில் அங்கே வந்து இறங்க இன்னும் வழியில்லை. ஆகவே ஆசனம் தேடும்போதே இறங்கும் நேரத்தையும் பாருங்கள். விடியப்புறம் இறங்கும் விமானமென்றால் வான் பிடித்து, ஹபரணை, மின்னேரியா, வெலிக்கந்தைப் பாதையைப் பகலிலேயே கடந்துவிடலாம். இரவில் அங்கே யானை நிற்கும். பின்னேரம் இறங்கினால் கோட்டையிலிருந்து இரவுப் புகையிரதம். அதன் ஆசனத்தையும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.