மழை தந்த புளிப்பு

அன்புள்ள மாறனுக்கு,

கேட்டரிங் படிப்பில் எந்த உணவுக்கு எந்த ஒயின் என்பதை அட்டவணையாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அது தேர்வுக்கு உதவும். அட்டவணையில் இல்லாத உணவு மேசைக்கு வந்தால் கைகொடுக்காது. ஓர் ஒயின் ஏன் அந்தச் சுவையைப் பெற்றது என்று தெரிந்துகொண்டால், எதனோடு சேரும் என்பதை நீயே சொல்லிவிடலாம். இதற்கு நல்ல சான்று பிரேசிலின் நுரைக்கும் ஒயினான எஸ்புமாந்தே.

இதன் தாயகம் பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டி டோ சுல்லில் உள்ள செர்ரா கவுஷா மலைப்பகுதி. 1875 முதல் அங்கே குடியேறிய வடஇத்தாலியக் குடும்பங்கள் திராட்சை பயிரிட்டன. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான அறுவடைக் காலத்தில் மழையும் ஈரமும் மிகுதி. சிவப்பு ஒயினுக்குப் பழத்தோல் நன்றாக முற்ற வேண்டும். அதுவரை காத்திருந்தால் பழம் அழுகும். நுரைக்கும் ஒயினுக்கோ சர்க்கரை குறைந்து புளிப்பு மிகுந்த பழமே தேவை. இரண்டாம் முறை நொதிக்கும்போது ஆல்கஹால் மேலும் கூடும் என்பதால், முதல் ஒயினில் ஆல்கஹால் குறைவாக இருப்பதே நல்லது. ஆகவே முன்கூட்டியே பறிப்பது இங்கே குறையாகாது. அம்மலைப்பகுதியின் காரிபால்டி ஊரில் பெத்தர்லோங்கோ குடும்பம் 1913-லேயே எஸ்புமாந்தேயைத் தயாரித்தது. பிரான்சின் மொயே ஷாந்தோன் 1973-இல் அதே ஊருக்கு வந்தது. அந்நிறுவனப் பணிக்காகச் சிலியிலிருந்து வந்த மாரியோ கெய்சே, 1979-இல் பிந்தோ பந்தேய்ராவில் சொந்த ஒயினகம் தொடங்கினார். 2022-இல் அப்பகுதிக்கு, புட்டியிலேயே நுரைக்கவைக்கும் ஒயினுக்கு மட்டுமேயான புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தப் புளிப்புதான் உணவுப் பொருத்தத்தையும் தீர்மானிக்கிறது. பொரித்த போலெந்தா, தணலில் சுட்ட இளங்கோழியான கலேத்தோ, பாலாடைக்கட்டி சேர்த்த பாவ் தே கேஜோ, கோழிக்கறி பொதிந்த கோஷின்யா ஆகிய எல்லாவற்றிலும் கொழுப்பும் உப்பும் உண்டு. புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கச் செய்து, நாவில் படிந்த கொழுப்பின் கனத்தைக் குறைக்கிறது. கரியமில வாயுவும் நாவில் அமிலமாகி அதற்குத் துணைசெய்கிறது. உப்போ ஒயினின் கூர்மையைத் தணிக்கிறது. கருப்பு பீன்ஸும் பன்றியிறைச்சியும் சேர்ந்த ஃபெய்ஜோவாதாவைப் பார். அதனுடன் ஆரஞ்சுத் துண்டுகளையும், எலுமிச்சை சேர்த்த கைப்பிரின்யா என்னும் மதுபானத்தையும் பரிமாறுவது பிரேசில் வழக்கம். கனமான உணவுக்குப் புளிப்பு வேண்டும் என்பதை அந்த மக்கள் முன்பே கண்டுகொண்டார்கள். இனிப்புக் குறைந்த ப்ரூட் வகை எஸ்புமாந்தே அதே வேலையைச் செய்கிறது.

இறைச்சிக்குச் சிவப்பு ஒயின்தானே சரி என்று நீ கேட்கலாம். சுட்ட மாட்டிறைச்சிக்கு அது உண்மை; சிவப்பு ஒயினின் துவர்ப்பு இறைச்சியின் புரதத்தோடு இணைந்து மென்மையாகிறது. ஆனால் பிரேசிலின் ஷுராஸ்கோ என்னும் சுட்ட இறைச்சி விருந்தில் மாட்டிறைச்சியோடு உப்புத் தூக்கலான சாசேஜும், கோழி இதயமும், சுட்ட பாலாடைக்கட்டியும் வரும். அவற்றுக்கு எஸ்புமாந்தேயே பொருத்தம்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இது போதுமா என்றால், போதாது. இனிப்பான கேக்கோடு ப்ரூட் பரிமாறுவது பரவலான பிழை. உணவின் இனிப்பு ஒயினை வெறும் புளிப்பாக்கிவிடும். அங்கே மொஸ்காத்தோ திராட்சையிலிருந்து செய்யும் இனிப்பான மொஸ்காத்தெல் வேண்டும். தொட்டியிலேயே நொதித்தலைப் பாதியில் நிறுத்துவதால் அதில் சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹாலும் குறைவு. பாயியா மாநிலத்தில் மிளகாய்ச் சாந்து தடவித் தரும் பயற்று வடையான அக்கராஜேக்கும் அதுவே மேல். காரத்தின் எரிச்சலை ஆல்கஹாலும் குமிழிகளும் கூட்டும், இனிப்பு தணிக்கும்.

விலை உயர்ந்த ஷாம்பெயின் இருக்க இது எதற்கு என்பவர்களுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. நாவில் வேலை செய்வது புளிப்பும் குமிழியும் சர்க்கரை அளவும்தான். புட்டியின் புகழ் அல்ல. ஒயின் பரிந்துரைக்கும் தொழிலுக்குக் குடிப்பழக்கம் தேவையில்லை. சுவைத்துத் துப்பிவிடுவதே தொழில்முறை வழக்கம். மது அருந்தாத விருந்தினருக்கு, பொரித்த உணவோடு இனிப்பில்லாத எலுமிச்சை சோடாவைப் பரிந்துரைத்தாலும் இதே விதிதான். ஆகவே எந்தத் தட்டு வந்தாலும் கொழுப்பு, உப்பு, இனிப்பு, காரம் ஆகிய நான்கையும் முதலில் கவனி. அதன் பிறகு புட்டியைத் தேர்ந்தெடு.

அன்புடன்,
உன் மாமா