ஏடு பெயர்த்தல்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில், அறுவடை முடிந்ததும் களத்தில் குவிந்த நெல்லை மரக்காலால் அளப்பது முன்னாளைய வழக்கம். அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லார். 'லாபம்' என்றே எண்ணத் தொடங்குவார். களத்தில் அளந்த நெல் வண்டியேறி வீடு வந்து சேர்ந்ததும், கணக்கில் கருத்துடைய உழவர் அதனைப் பத்தாயத்தில் கொட்டுவதற்குமுன் மற்றுமொருமுறை அளந்து பார்ப்பார். வழியில் கோணி கிழிந்து சிந்தியிருக்கலாம். ஒரு மூட்டை வண்டியிலேயே தங்கியிருக்கலாம். இரண்டு அளவும் ஒத்த பின்னரே நெல் வந்து சேர்ந்தது என்று அவர் மனம் அமைதியுறும்.

நெல்லுக்குப் பத்தாயம் போலச் சொல்லுக்கும் கொள்கலம் உண்டு. ஓலை, தாள், படச்சுருள், கணினி என அக்கொள்கலம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. நூல்கள் அழிந்தமைக்குக் கரையானையும் தீயையும் வெள்ளத்தையும் காரணமாகக் கூறுவர். அக்கூற்று உண்மையே. ஆயினும், ஒரு கொள்கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வழியில் சிந்திப்போனவையும் குறைவல்ல. தீயினால் நேர்ந்த இழப்பு உடனே தெரியும். வழியில் சிந்தியது நெடுநாள் வரையில் தெரியாமலே கிடக்கும்.

பனையோலையைப் பதமாக வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டு, எழுத்தாணியால் எழுதினர் நம் முன்னோர். எழுத்துத் தெளிவாகத் தோன்றும்பொருட்டு விளக்குக்கரி கலந்த மையைத் தடவினர். இங்ஙனம் செய்த ஓலை சில நூற்றாண்டுகள் தாங்கும். ஆனால் காவிரிக் கழிமுகத்தின் ஈரக்காற்றும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் ஓலைக்குப் பகை. அவற்றோடு பூச்சிகளும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஏடு முற்றிலும் சிதையுமுன், அதிலுள்ளதைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவது கற்றோர் கடமையாயிற்று. பெயர்த்தெழுதிய பின்னர்ப் பழைய ஏட்டைக் குப்பையில் எறிவது கலைமகளுக்கு இழுக்கு என்று கருதி, ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விட்டனர்.

இவ்வழக்கத்தைப் பிற்காலத்தார் பலர் மடமை என்று பழித்தனர். அப்பழி முழுதும் பொருந்துவதன்று. புதிய ஏடு எழுதி முடித்து, பழையதோடு ஒப்புநோக்கி, அதன்பின் பழையதை ஆற்றில் விட்டவர் நூலைக் காத்தவரே ஆவர். எழுத வேண்டிய பகுதியை எழுதாமல், விட வேண்டிய பகுதியை மட்டும் தவறாமல் செய்த பின்வந்தோரே நூலை இழந்தவர்.

பெயர்த்தெழுதுவோர் எத்துணைக் கவனமுடையவராயினும் பிழை புகுவதற்கு வழிகள் பல இருந்தன. ஒருவர் படிக்க மற்றவர் எழுதும்பொழுது லகர ளகரங்களும் ரகர றகரங்களும் செவியில் மயங்கின. ஓலையில் புள்ளி குத்தினால் துளைபட்டுக் கிழியும் என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதினர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தோன்றவில்லை; கொள்ளிடத்தின் வடபால் ஏலாக்குறிச்சியில் பல்லாண்டு தங்கித் தமிழ்த்தொண்டு புரிந்த வீரமாமுனிவர் அவ்வேறுபாட்டை வகுத்தது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். துணைக்காலும் ரகரமும் ஏட்டில் ஒரே வடிவினவாக இருந்தமையால், 'பாவை' என்பதனைப் 'பரவை' என்று படிக்கவும் இடமுண்டு. பாவை பதுமை; பரவை கடல். இடம் நோக்கியே இன்னதென்று துணிதல் வேண்டும்.

எழுத்து மாறினால் அறிவுடையார் திருத்திக்கொள்வர். ஓர் ஏடே விழுந்துவிட்டால் என் செய்வது? நாராசம் கோத்த துளை ஒடிந்து ஓலை உதிர்ந்துபோன சுவடியைப் பார்த்து ஒருவர் எழுதினால், அக்குறை அவர் எழுதிய படியிலும் இருக்கும். அதனைப் பார்த்து எழுதிய நூறு படிகளிலும் இருக்கும்.

இதற்குத் தக்க சான்று குறிஞ்சிப்பாட்டு. கபிலர் பாடிய அப்பாட்டில் மகளிர் பறித்துக் குவித்த தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்படுகின்றன. குடந்தைக் கல்லூரியில் 1880 முதல் தமிழாசிரியராக விளங்கிய உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபொழுது, அவருக்குக் கிடைத்த சுவடிகளில் அம்மலர் வரிசையின் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. பாட்டுத் தொடர்ந்து செல்வது போலவே தோன்றினும், நடுவே சில மலர்கள் உதிர்ந்து கிடந்தன. ஐயர் ஊர் ஊராகத் தேடினார். மாயூரத்தை அடுத்த தருமபுர மடத்துச் சுவடிகளிலே, விடுபட்ட அப்பகுதி அவர் கண்ணில் பட்டது. அவருற்ற மகிழ்ச்சிக்கு அளவில்லை. பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டில் அச்சேறியது. தருமபுரத்துச் சுவடியும் ஏதேனும் ஓர் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயிருக்குமாயின், அம்மலர்களின் பெயர்களைத் தமிழுலகம் அந்தப் பாட்டில் கண்டிராது. ஒரே நூலுக்குப் பல இடங்களில் பல படிகள் இருந்தமையே அன்று துணை நின்றது.

தஞ்சை அரண்மனை வளாகத்திலுள்ள சரசுவதி மகால் நூல்நிலையம் இத்தகைய படிகளின் பெருங்களஞ்சியம். நாயக்க மன்னர் காலத்தில் அரண்மனை நூல்நிலையமாகத் தோன்றி, 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் ஆர்வத்தால் அது வளர்ந்தது. அங்குள்ள வடமொழிச் சுவடிகளின் அட்டவணையை ஆங்கில அறிஞர் பர்னல் 1880இல் வெளியிட்டார். 1918இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்நிலையத்தில் வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்தி ஆகிய மொழிகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் உள்ளன. இவற்றை நுண்படச்சுருளில் பதிவு செய்யும் பணியும், பின்னர்க் கணினிப் படமாக்கும் பணியும் நடைபெற்றன. 1981இல் தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் ஓலைச்சுவடிக்கெனத் தனித்துறை உண்டு.

இவ்விடத்தில் ஒரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். ஓலையைப் படிக்கக் கண்ணும் கல்வியும் போதும். படச்சுருளைப் படிக்க ஒரு பொறி வேண்டும். கணினிக் கோப்பைப் படிக்கவோ, பொறியோடு அக்கோப்பின் மொழியறிந்த மென்பொருளும் வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குமுன் நெகிழ்வட்டில் சேமித்த கட்டுரையை இன்று திறக்க முற்படுவோர், வட்டு பழுதின்றி இருந்தும் அதனைச் செருகும் வாயுடைய கணினி கிடைக்காமல் அலைகின்றனர்.

சிற்றூரில் ஒரு பழைய வீட்டுப் பரணில் கிடக்கும் மருத்துவச் சுவடியைத் தேடிச் செல்லும் ஆராய்ச்சி மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவரிடம் டேப்லெட் எனப்படும் கையடக்கக் கணினி ஒன்றும், ஹார்டு டிஸ்க் எனப்படும் புறச்சேமிப்பகம் ஒன்றும் உள்ளன. ஓலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் படமெடுக்கிறார். மாலைக்குள் கணினியின் கொள்ளிடம் நிரம்பிவிடுகிறது. படங்களைப் புறச்சேமிப்பகத்துக்கு மாற்றிவிட்டுக் கணினியைக் காலி செய்தால்தான் மறுநாள் வேலை நடக்கும். தொடுவனவெல்லாம் பொடியாக உதிரும் அவ்வேட்டை இரண்டாம் முறை புரட்ட இயலுமோ இயலாதோ!

கம்பியை இணைத்தவுடன் முதல் இடர் தோன்றுகிறது. சேமிப்பகத்தின் விளக்கு ஒருமுறை மின்னி அணைகிறது. உள்ளே ஏதோ 'டிக் டிக்' என்று ஒலிக்கிறது. சேமிப்பகம் கெட்டுவிட்டது என்று பலர் அஞ்சுவர். உண்மையில் அதற்கு வேண்டிய மின்னாற்றல் கிடைக்கவில்லை. சுழலும் தட்டுடைய சேமிப்பகம் சுழலத் தொடங்கும்போது மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். கையடக்கக் கணினியின் சிறு மின்கலம் அதனைத் தரவல்லதன்று. தனி மின்னிணைப்புடைய இடைப்பெட்டியை நடுவே வைத்தால் இக்குறை நீங்கும். அசையும் உறுப்பு இல்லாத பென் டிரைவுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது, சேமிப்பகத்தின் அமைப்புமுறை பற்றியது. ஒரு சேமிப்பகத்தில் கோப்புகளை எவ்விடத்தில் வைப்பது, எங்ஙனம் குறித்துக்கொள்வது என்பதற்குப் பலவகை விதிகள் உள்ளன. விண்டோசு கணினிகளுக்கென 1993இல் வந்த என்.டி.எஃப்.எஸ். ஒன்று, 1996இல் வந்த எஃப்.ஏ.டி. 32 மற்றொன்று, 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் பிறிதொன்று. என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்த சேமிப்பகத்தைக் கையடக்கக் கணினிகள் பல படிக்கமாட்டா. அவை, சேமிப்பகத்தில் ஒன்றுமில்லை என்றோ, அதனைப் புதிதாக வடிவமைக்க வேண்டும் என்றோ கூறும். அறியாதார் அதற்கு இசைந்து பொத்தானைத் தொட்டுவிட்டால், உள்ளிருந்தவற்றின் குறிப்பேடே நீங்கிவிடும். கிரந்த எழுத்து அறியாத ஒருவர், கிரந்தச் சுவடியைக் கண்டு வெற்று ஓலை என்று எண்ணி மேலே எழுதத் தொடங்குவது போன்றது இது. எஃப்.ஏ.டி. 32 முறையைப் படிக்காத கருவி அரிது. ஆனால் அதில் 4 ஜிகாபைட் அளவை எட்டும் தனிக்கோப்பு ஒன்று அடங்காது. ஏராளமான இடம் எஞ்சியிருந்தும், நீண்ட காணொளி ஒன்றை ஏற்க அது மறுப்பதன் காரணம் இதுவே. இரண்டு இடர்களுக்கும் எக்ஸ்ஃபேட் முறை ஏற்ற வழி. எனினும் பழைய கருவிகள் சில அதனையும் அறியா.

பெயர்களிலும் சிக்கல் உண்டு. கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ இட்டுப் பெயர் சூட்டிய கோப்பை மேற்கூறிய முறைகள் ஏற்பதில்லை. தமிழ்ப் பெயர்களில் வேறொரு நுட்பமும் காணப்படும். 'பொன்' என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம்; ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினியிற் சிலவற்றுக்கு அவை வெவ்வேறு. ஔவையைத் தட்டச்சுச் செய்வோர் சிலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டுவிடுகின்றனர். பின்பு தேடினால் ஔவை அகப்படுவதில்லை. ஓலையில் இரண்டு எழுத்துக்கு ஒரு வடிவம் இருந்து மயக்கியது; இங்கே ஒரு வடிவத்துக்கு இரண்டு எழுத்து இருந்து மயக்குகின்றது.

பழைய தமிழ்க் கோப்புகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சென்னையில் 1999இல் நடந்த மாநாட்டின் பயனாகத் 'தாம்', 'தாப்' என்னும் குறியீட்டு முறைகளை அரசு ஏற்றது. தமிழுக்கு 1991 முதலே இடமளித்திருந்த யுனிகோடு முறை 2010இல் அரசின் தரமாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் உழைத்து எழுதிய கோப்புகளை இன்றைய கையடக்கக் கணினியில் திறந்தால், தமிழுக்கு மாறாகப் பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். கோப்பு அழியவில்லை, படிக்கும் முறைதான் மாறிவிட்டது. குறியீடு மாற்றும் மென்பொருளால் அதனை மீட்கலாம். பார்த்தவுடன் பாழ் என்று எண்ணி நீக்குவோரும் உளர்.

எல்லாவற்றினும் கொடியது அவசரம். படங்கள் சென்று சேர்ந்தன என்று திரை காட்டும் கணத்தில் அவை முழுவதும் சேர்ந்திருக்க வேண்டுவதில்லை. கணினி தான் அனுப்ப வேண்டியதில் ஒரு பகுதியைத் தன் நினைவிலே சற்று நிறுத்தி வைத்துப் பின்னர் எழுதுவதுண்டு. 'வெளியேற்று' என்னும் கட்டளையை இட்டால், எஞ்சியதை எழுதி முடித்துவிட்டு விடை தரும். அதற்குமுன் கம்பியைப் பிடுங்கினால் கோப்பின் பெயர் இருக்கும், கோப்பு இராது. சில நேரங்களில் படத்தின் மேற்பாதி ஓலையாகவும் கீழ்ப்பாதி வெறுஞ்சாம்பல் நிறமாகவும் தோன்றும். நம் மாணவர் இரவே கணினியிலிருந்த படங்களை நீக்கிவிட்டு, ஊர் திரும்பிய பின்னரே இதனைக் காண்பாராயின் அவர் நிலை என்னாகும்? பரணில் இருந்த சுவடியை அதற்குள் வீட்டார் அப்புறப்படுத்தியிருக்கவும் கூடும்.

இதனைத் தவிர்க்கும் வழி, களத்திலும் பத்தாயத்திலும் இருமுறை அளந்த உழவர் கையாண்டதே. கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் இரு புறத்திலும் ஒத்துப் பார்ப்பது முதற்படி. இன்னும் நுட்பமாக, ஒரு கோப்பிலுள்ள அனைத்தையும் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்புத் தொடரைத் தரும் மென்பொருள்கள் உள்ளன. கோப்பில் ஓர் இம்மி மாறினாலும் அத்தொடர் முற்றிலும் மாறிவிடும். மூலத்தின் தொடரும் படியின் தொடரும் ஒத்திருந்தால் ஐயம் வேண்டா. ஒருவர் ஏட்டைப் படிக்க மற்றொருவர் படியைப் பார்க்கும் பழைய ஒப்புநோக்கு, இன்று இமைப்பொழுதில் நிகழ்கின்றது. அதற்குச் செலவிடும் சில நிமிடங்களைப் பெரிதாக எண்ணுவது வியப்பே. இரண்டாம் படி ஒன்றை வேறொரு சேமிப்பகத்தில் எடுத்து, அதனை வேறோர் ஊரில் வைப்பது தருமபுரத்துச் சுவடி ஆற்றிய உதவியை ஆற்றும். பென் டிரைவைப் பல்லாண்டு தொடாமல் பெட்டியில் இட்டு வைப்பதும் தகாது. மின்னூட்டமாக அதில் நிற்கும் எழுத்து மெல்லக் கசிந்து மங்கும்.

படமெடுத்த ஏட்டை இன்று எவரும் ஆற்றில் விடுவதில்லை. நூல்நிலையங்களில் அதன்மேல் எலுமிச்சைப்புல் எண்ணெயை மெல்லத் தடவி, நிழலில் உலர்த்தி, கட்டையிட்டுத் துணியில் சுற்றுகின்றனர். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கருப்பூரம் சேர்த்துக் கட்டிய சிறு முடிச்சைப் பூச்சி அணுகாதபடி அருகில் வைக்கின்றனர். பின்பு சுவடி தன் எண்ணிட்ட இடத்திற்கே மீள்கின்றது. சில ஆண்டுகள் கழித்து, வேறொருவர் வேறொரு கருவியோடு அதனைத் தேடி வரக்கூடும்.