மீதி 23 மணி நேரம்

வாலிகண்டபுரத்தில் பஸ் ஏறி, பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் பிள்ளைக்குப் பிசியோதெரபி முடித்துத் திரும்பும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். பருத்தி எடுக்கும் நாட்களில் அது சின்ன இழப்பல்ல. பிள்ளைக்கு அங்கே கிடைப்பதோ அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரப் பயிற்சி. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் முன்னேற்றம் வீட்டில் கழியும் மற்ற 23 மணி நேரத்தில்தான் இருக்கிறது. தடுமாற்றமும் அங்கேதான்.

கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த முதல் சில ஆண்டுகளிலோ வளரும் மூளைக்கு ஏற்படும் காயம் இது. குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத்திணறல், கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை முக்கியக் காரணங்கள். கிரகணத்தன்று தாய் வாசலுக்கு வந்ததால் வருவதல்ல. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-லேயே பிரசவச் சிக்கலோடு இதைத் தொடர்புபடுத்தி எழுதினார். மூளையின் காயம் மேலும் வளராது. ஆனால் தசைகள் கவனிக்காவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு இறுகும். அதனால்தான் அவசரம்.

முதல் படி, சந்தேகப்படுவது. நான்கு மாதமாகியும் கழுத்து நிற்காதது, கை எப்போதும் மூடியே இருப்பது, கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்வது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டுவது ஆகியவை போதும், மருத்துவரிடம் போக. ‘அவன் அப்பனும் ரெண்டு வயசுலதான் நடந்தான்’ என்ற பேச்சை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தேர்ந்த மருத்துவரால் ஆறு மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் கண்டுகொள்ள முடியும்.

இரண்டாவது, தூக்குவது. இறுகிய கால்களைக் கணுக்காலில் பிடித்து விரிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இழுக்க இழுக்க அவை இன்னும் இறுகும். முதலில் இடுப்பையும் முழங்காலையும் மடக்க வேண்டும், பிறகு முழங்காலைப் பிடித்து மெல்ல அகட்ட வேண்டும். கால்கள் இரு பக்கமும் விரிந்திருக்க இடுப்பில் வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம்; இந்தக் குழந்தைக்கு அதுவே பயிற்சி. தூளி ஆகாது என்பதில்லை. வில்லாய் விறைக்கும் பிள்ளை அதில் சற்றுத் தளரும். நாள் முழுக்க அதிலேயே கிடந்தால் மட்டும் தலை தூக்கக் கற்காது.

மூன்றாவது, ஊட்டுவது. இங்கேதான் உயிராபத்து. படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, சங்கில் ஊற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். பால் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். ‘ஓயாத சளி’ என்று வீட்டில் சொல்வது பல நேரம் இதுதான். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்பை மடக்கி, பாதத்துக்குக் கீழே ஒரு பலகை கொடுத்து, முகவாய் சற்றே உள்வாங்கி இருக்கும்படி பார்க்க வேண்டும். ஊட்டுபவர் எதிரே, பிள்ளையின் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து விக்கும். ரசம் சோற்றைவிடக் குழைந்த பருப்புச் சோறும் கெட்டியான கேழ்வரகுக் கூழும் பத்திரமானவை. சிறு தட்டைக் கரண்டியை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி எடுக்க வேண்டும், மேல்பல்லில் வழிக்கக் கூடாது. விழுங்கிய பிறகே அடுத்த வாய். அழும்போது கூடவே கூடாது. முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வீட்டில் இன்னொருவரும் ஊட்டப் பழகினால்தான் தாய் தாங்குவாள்.

உட்கார மூலை இருக்கை போதும். சுவர் மூலைபோல இரண்டு பலகைகளைச் சேர்த்தடித்தால் தோள்கள் முன்னுக்கு வரும், கைகள் விளையாட வரும். மெக்சிகோ மலைக்கிராமங்களில் பணியாற்றிய டேவிட் வெர்னர் 1987-ல் வெளியிட்ட நூலில் இத்தகைய கைவேலைகள் நிறைய உண்டு. தென்காசி ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள், வீடு தேடிப் போய்க் குடும்பத்துக்கே பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுக்கிறார்கள். சரியான வழி அது.

மருந்தில் இரண்டு எச்சரிக்கைகள். தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென், வலிப்பு மாத்திரை இரண்டையும் தீர்ந்துபோனதென்று திடீரென நிறுத்தக் கூடாது. போட்டாக்ஸ் ஊசி சுமார் மூன்று மாதம் தசையைத் தளர்த்தும். அந்த நாட்களில் பயிற்சியைக் கூட்டாவிட்டால் ஊசி வீண். ஸ்டெம் செல் செலுத்திக் குணமாக்குவதாகச் சொல்வோருக்கு நிலத்தை விற்றுக் கொடுக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இந்நோய்க்கு அதை அங்கீகரிக்கவில்லை.

பலர் மறப்பது இடுப்பு எக்ஸ்ரே. ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவும், வலி தெரியும் முன்பே. நடக்காத பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுக்கக் கேட்க வேண்டும்.

அட்டை வேலை சுலபம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மூளை முடக்குவாதம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே, ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் ‘நிரமயா’ காப்பீட்டையும் கேட்டுவிட வேண்டும்.

பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்பும்போது மூலை இருக்கையும் கூடவே போகட்டும். முதல் சில நாள் தாய் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஊட்டுவது என்று ஆயாவுக்குக் காட்டிவிட்டு வர வேண்டும்.