மோட்டார்ப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கணினி

கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனம் செய்யும் விவசாயிகள் பலர் இன்று கைபேசி மூலமே பம்புசெட்டை இயக்குகின்றனர். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, இரவில் தோட்டத்திற்கு நடக்கும் சிரமம் இதனால் குறைந்துள்ளது. ஆனால் அந்தப் பெட்டி எதை அறியும், எதை அறியாது என்பதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மோட்டாருக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

நகத்தளவுச் சில்லு ஒன்றே இதன் மூளை. குறிப்பிட்ட வேலைக்கென ஒரு கருவிக்குள்ளேயே பொருத்தப்படும் கணினியை 'உட்பொதி கணினி' என்பர். மின்னணுத் தராசிலும் சலவை இயந்திரத்திலும் இருப்பது இதுவே. 1971-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் கணக்குப்பொறிக்கெனத் தயாரித்த 4004 என்ற சில்லு இவற்றின் முன்னோடியாகும்.

எவ்வாறு வேலை செய்கிறது?

இக்கணினி மூன்று முனைகளிலும் மின்னழுத்தத்தை ஓயாமல் அளக்கிறது. ஒரு முனை போய்விட்டால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் கூடிக் காயில் கருகும். அதற்கு முன்பே மோட்டாரை நிறுத்திவிடும்.

கிணற்றில் நீர் வற்றியதை இது கண்ணால் காண்பதில்லை. நீர் இல்லாதபோது மோட்டாரின் பளு குறைந்து ஆம்பியர் இறங்கும். அதைக் கொண்டே முடிவு செய்கிறது. 5 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 8 ஆம்பியர் எடுக்கும் என்றாலும், இது மோட்டாருக்கு மோட்டார் மாறும். ஆகவே கிணற்றில் நீர் நிறைந்து, குழாயில் முழு அளவு நீர் கொட்டும் வேளையில்தான் இந்த அளவைப் பதிவு செய்ய வேண்டும். காயில் கட்டிய பிறகும், மோட்டாரை மாற்றிய பிறகும் மீண்டும் பதிவு செய்வது அவசியம். பழைய அளவையே விட்டுவைத்தால், வெறும் கிணற்றிலும் மோட்டார் ஓடிக் கருகக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

1. மின்சாரம் வந்தவுடன் எல்லா மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்பினால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. பக்கத்துத் தோட்டத்தாருடன் பேசி, கிளம்பும் நேரத்தைச் சில நிமிடங்கள் முன்பின்னாக வைத்துக்கொள்ளவும்.

2. சிம் கார்டின் கெடு முடிந்தால் பெட்டி உங்கள் அழைப்பிற்குப் பதில் தராது. கெடுவுக்கு முன்பே பணம் கட்டவும்.

3. நம்பிக்கையானவர்களின் எண்களை மட்டுமே பதிவு செய்யவும்.

4. எல்லாவற்றிலும் முக்கியமானது இது. கிணற்றில் ஆள் இறங்கியிருப்பது கணினிக்குத் தெரியாது. மின்சாரம் வந்தவுடன் 'ஆட்டோ' நிலையில் தானே மோட்டாரைக் கிளப்பிவிடும். வீட்டிலிருந்து வேறொருவரும் இயக்கிவிடலாம். கைபேசியில் நிறுத்தியதை நம்பி மோட்டாரையோ வயரையோ தொடக்கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கேரியர்கள் மூன்றையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொண்ட பின்னரே வேலையைத் தொடங்கவும்.

குட்டிக் கணினி சொன்னதைச் செய்யும் நல்ல வேலையாள். சொல்லாததை அது அறியாது. அதை நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.